அந்த அரைப் புள்ளி எதற்கு?

காரைக்குடியில் இரண்டாம் ஆட்டம் விட்டு வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் சொல்வது ஒரே சொல்தான்: பரவால்ல. ஆனால் அந்தச் சொல்லுக்குக் குறைந்தது மூன்று விலை உண்டு. வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே இழுத்து "பரவால்...ல" என்றால் படம் படுத்துவிட்டது, சொல்ல மனசு வரவில்லை என்று பொருள். நிமிர்ந்து பார்த்து "பரவால்லப்பா" என்றால் கொடுத்த காசுக்கு நட்டமில்லை. புருவம் தூக்கி "பரவால்லையே!" என்றால் எதிர்பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார், மறுநாள் வீட்டாரையும் கூட்டி வருவார். இவ்வளவு நுணுக்கமாகத் தரம் பிரிக்கத் தெரிந்த அதே ஆள், வீட்டுக்குப் போய்ப் போனில் நட்சத்திரம் போடும்போது மூன்றுக்கும் 3.5 போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார். இந்த 3.5தான் ரொம்ப நாளாக உறுத்துகிறது.

சினிமாவுக்கு மார்க் போடும் தளமான லெட்டர்பாக்ஸ்ட் அரை நட்சத்திரத்தில் தொடங்கி ஐந்து வரை பத்துப் படி வைத்திருக்கிறது. ஐஎம்டிபியில் ஒன்றிலிருந்து பத்து. பத்துப் படி இருந்தும் நம் ஆட்கள் பெரும்பாலும் நிற்பது 3, 3.5, 4 என்ற மூன்றே படியில். பிடித்த நடிகர் என்றால் 4, பிடிக்காதவர் என்றால் 1, மற்றதெல்லாம் 3.5. விகடன் நூற்றுக்கு மார்க் போட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். '16 வயதினிலே' வாங்கிய 62.5ஐ இன்றைக்கும் சாதனையாகப் பேசுகிறோம். 40ஐத் தாண்டினாலே நல்ல படம் என்று ஊருக்குத் தெரியும். அந்த அளவுகோலில் நம்முடைய 3.5, அதாவது 70, எந்தப் படத்துக்கும் கிடைத்திருக்காது. ராட்டன் டொமேட்டோஸ் கதை இன்னும் வேடிக்கை. அந்தத் தளம் காட்டும் விழுக்காடு படத்தின் மார்க்கே கிடையாது, நல்லவிதமாக எழுதிய விமர்சகர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. எல்லோரும் "ஒருவாட்டி பார்க்கலாம்" என்று எழுதிய படத்துக்குக்கூட அங்கே 100 விழும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, பாதிப் பேர் திட்டித் தீர்த்த படத்துக்கு 50. இரண்டில் எது பார்க்க வேண்டிய படம் என்று அந்த எண் சொல்லாது.

செட்டிநாட்டில் 'புள்ளி' என்ற சொல்லுக்கே தனிக் கணக்கு இருக்கிறது. நகரத்தார் வழக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கோயில் வரி அந்தக் கணக்கில்தான். துணையை இழந்தவர் அரைப் புள்ளி. அந்த வழக்கம் நியாயமா என்பது வேறு பேச்சு. ஆனால் அங்கே அரை என்றால் அந்த அரை யார் என்று ஊரில் கேட்டால் பேர் சொல்லிவிடுவார்கள். சினிமா மார்க்கில் நாம் போடும் அரைக்குப் பேரே இல்லை. மூன்று போட்டால் குறைவோ, நாலு போட்டால் அதிகமோ என்ற பயத்தில் நடுவில் செருகிய அரை அது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: படத்தில் எது என்று சுட்டிக்காட்ட முடிந்தால் மட்டும் அந்த அரையைப் போடுங்கள். ஒரு காட்சியாக இருக்கலாம், ஒரு நடிப்பு, ஒரு வெட்டு, ஒரு சத்தம். பேர் சொல்ல முடியவில்லையா, முழு எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாள்வழி, பேரேடு, ஐந்தொகை

அரைக்குப் பேர் சொல்வது எப்படி என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம், பழைய வட்டிக்கடைகளின் பெட்டியடிக் கணக்கே போதும். அன்றாடம் நடந்ததை நடந்தபடி நாள்வழியில் எழுதுவார்கள். அதிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுப்பார்கள். ஐந்தொகையை முதலில் போட்டுவிட்டு நாள்வழியை அதற்கேற்ப எழுதினால் அதற்குப் பேர் கள்ளக் கணக்கு. நாம் படம் முடிந்து விளக்குப் போடுவதற்குள் எண்ணை முடிவு செய்துவிட்டு, அப்புறம் காரணம் தேடுகிறோம்.

நாள்வழி எழுதும் நேரம் இடைவேளை. காபிக்கு வரிசையில் நிற்கும் பத்து நிமிடம் போதும், மூன்று வரி. முதல் வரி: இது யார் கதை? (நாயகன் பேர் எழுதினால் செல்லாது. 'மகளுக்குத் தெரியாமல் ஏதோ செய்யும் அப்பன் கதை' என்கிற மாதிரி எழுத வேண்டும். எழுத வரவில்லையென்றால் அதுவே ஒரு குறிப்பு.) இரண்டாவது: படம் இதுவரை என்னென்ன கடன் வாங்கியிருக்கிறது? காரணம் சொல்லாமல் விட்ட ஒரு பார்வை, பூட்டிய அறை, பாதியில் நிறுத்திய வசனம், திடீரென்று வந்து போன ஒரு மாமா, எல்லாம் நம்மிடம் நம்பிக்கையை அடகு வாங்கிக்கொண்டு போனவை. மூன்றாவது: எந்த இடத்தில் கை போனுக்குப் போனது? அந்தக் காட்சியை ஒரு சொல்லில் குறித்துக்கொண்டால் போதும். பாட்டிலா, சண்டையிலா, அறிவுரையிலா என்பது அப்புறம் உதவும்.

படம் முடிந்து வெளியே வந்ததும் பேரேடு. இடைவேளையில் எழுதிய ஒவ்வொரு கடனுக்கும் நேரே 'அடைந்தது', 'பாதி', 'வாராக்கடன்' என்று எழுத வேண்டும். நம் படங்களில் பெரும்பாலும் உதைப்பது இங்கேதான். இடைவேளை அதிர்ச்சிக்காக இரண்டு மடங்கு கடன் வாங்கிவிடுகிறார்கள், இரண்டாம் பாதியில் வட்டி கட்டவே நேரம் போதவில்லை. "ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்" என்று டீக்கடையில் சொல்வதெல்லாம் முக்கால்வாசி இந்தக் கதைதான். இரண்டாம் பாதி மெதுவாக இருந்ததாலா லேக்? கொடுக்க வேண்டியதைக் கொடுக்காததால் நேரம் நீண்டு தெரிகிறது.

ஐந்தொகை ஒரு நாள் கழித்துத்தான். ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) செய்யும் கொட்டகையில் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் தகட்டு அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குவார்கள். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரச் சாந்து போட்டு வழித்துவிடுவார்கள். பூ முழுக்கக் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கும், நமக்குத் தெரிவது சாம்பல் நிற முதுகு மட்டும். அப்படியே இறுகவிட்டு, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு எடுத்தால்தான் கண்ணாடி கழன்று முகம் தெரியும். அவசரப்பட்டுப் பிரித்தால் கலர் கண்ணாடியோடு வந்துவிடும். தியேட்டர் வாசலில் போடும் மார்க் பெரும்பாலும் முதுகைப் பார்த்துப் போட்டது. கடைசிப் பத்து நிமிடத்தின் சூடும் உச்சக்காட்சி இசையும் மீதி இரண்டு மணி நேரத்தை மூடிவிடும். ஒரு நாள் கழித்து, எந்தக் குறிப்பையும் பார்க்காமல் எந்த இரண்டு காட்சி தானாக மேலே வருகிறது என்று பாருங்கள். உச்சக்காட்சியைத் தவிர வேறொன்றும் வரவில்லையென்றால் முதலில் நினைத்ததில் அரையைக் குறைத்துவிடலாம், தப்பில்லை.

'மகாராஜா'வை (2024) இப்படி எழுதிப் பார்த்தால் நன்றாக விளங்கும். முடிவெட்டும் கடைக்காரர் ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து 'லட்சுமி'யைக் காணோம் என்கிறார். லட்சுமி என்பது ஒரு குப்பைத் தொட்டி. ஸ்டேஷனே சிரிக்கிறது, அடிக்கிறது, அவர் நகர மாட்டேன் என்கிறார். இவ்வளவு பெரிய கடனை இவ்வளவு துணிச்சலாக வாங்கிய படம் சமீபத்தில் குறைவு. இடைவேளையில் நம் தாளில் ஏழெட்டு உருப்படி சேர்ந்திருக்கும், சம்பவங்களைக் காலம் மாற்றி அடுக்கியிருப்பதால் சிலது கடன் என்றே அப்போது தெரியாது. கடைசியில் ஏறக்குறைய எல்லாம் வட்டியோடு வந்து சேர்கிறது. திரைக்கதைக்கு முழு மார்க். ஆனால் ஒரு நாள் கழித்து இன்னொன்று தலைதூக்குகிறது: ஒரு பெண்பிள்ளைக்கு நேர்ந்த கொடுமை அந்தக் கணக்கில் என்ன வேலை செய்தது? வலியாக நின்றதா, திருப்பத்துக்கு முடிச்சாகப் பயன்பட்டதா? எனக்கு இரண்டாவதுதான் தூக்கலாகத் தெரிந்தது. வாசலில் 4, மறுநாள் 3.5. குறைத்த அரைக்குப் பேர் இருக்கிறது.

'லப்பர் பந்து' (2024) நேர்மாறு. சின்னக் கடன்தான்: ரப்பர் பந்து கிரிக்கெட் ஆடும் இரண்டு பேருக்கு இடையில் ஒரு வீம்பு, அதில் ஒருவருடைய மகளை இன்னொருவர் விரும்புகிறார், எந்த அணியில் யாருக்கு இடம் என்பதில் சாதி நுழைகிறது. பெரிதாக ஒன்றும் அடகு வாங்காமல், வாங்கியதை ஓவருக்கு ஓவர் திருப்பிக்கொண்டே போகிறது. 4. அதில் அரை, கிரிக்கெட் பைத்தியத்தோடு குடும்பம் நடத்தும் யசோதை பாத்திரத்துக்கு.

எந்தப் படத்துக்கு மார்க் போட்டோம்?

இதுவரை சொன்னதெல்லாம் படம் ஒன்றே என்று நம்பிச் சொன்னது. 'மெய்யழகன்' அந்த நம்பிக்கையை உடைத்தது. 2024 செப்டம்பர் 27 அன்று வந்தபோது கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். பேச்சு அதிகம், நீளம் அதிகம் என்று குரல் எழுந்ததும் சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். முதல் நாள் பார்த்தவர் போட்ட மூன்றும், அடுத்த வாரம் பார்த்தவர் போட்ட நாலும் ஒரே பெயரின் கீழ் ஒரே சராசரிக்குள் கலந்துவிட்டன. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்த ஒருவர், தன்மேல் பாசத்தைக் கொட்டும் சொந்தக்காரர் பேர் என்னவென்று தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்கத் தவிக்கும் படம் அது. அந்த ராத்திரி நீண்டால்தான் தவிப்பு ஏறும், ரொம்ப நீண்டால் தூக்கம் வரும். 18 நிமிடம் அங்கே சும்மா 18 நிமிடம் இல்லை. வெட்டியதால் கூடியதா குறைந்ததா என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. என் பங்குக்கு, பாதிப் பேச்சு போனது நல்லதுதான், ஆனால் அதோடு சேர்ந்து மூச்சுவிடும் இடமும் கொஞ்சம் போய்விட்டது.

படத்தை வெளியே விட்ட பிறகு, அல்லது முடித்த பிறகு, கை வைப்பது புதுசில்லை. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 'ஸ்ரீவள்ளி'யில் (1945) நாயகி ருக்மணி பாடியது எடுபடவில்லை என்று பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தவர். அதற்குப் பிறகுதான் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தியதும், அங்கே 'நாம் இருவர்' (1947) எடுத்ததும். ஆகவே மார்க் பக்கத்தில் தேதி போடுங்கள். முதல் நாளா, இரண்டாம் வாரமா, ஓடிடியா என்று ஒரு சொல். கணக்கில் தேதியில்லாத பற்றுச்சீட்டை யாரும் ஏற்க மாட்டார்கள்.

தேதியைப் போலவே இடமும். 'கொட்டுக்காளி'க்கு (2024) பின்னணி இசையே கிடையாது. கட்டிப்போட்ட சேவல், ஆட்டோ இன்ஜின், தொண்டை கட்டிய சூரியின் கரகரப்பு, ஏறக்குறைய வாயே திறக்காத அன்னா பென்னின் மௌனம், எல்லாம் காதால் பார்க்க வேண்டியவை. ஏசி இரைச்சலும் கதவைத் திறந்து மூடும் சத்தமும் உள்ள ஹாலில் அந்த மௌனம் வெறும் வெற்றிடமாகிவிடும். "ஒண்ணுமே நடக்கல" என்று 1.5 போட்டவர்களில் எத்தனை பேர் அப்படிப்பட்ட ஹாலில் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஹாலின் குற்றத்தைப் படத்தின் தலையில் கட்டாமல் இருக்கச் சில அடையாளங்கள். டிஜிட்டல் திரையிடலில் வெள்ளை, திரையின் நடுவில் 14 அடி-லேம்பர்ட் வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்பது தரம். ஜெனான் விளக்கு பழசாகப் பழசாக அது இறங்கும். நமக்கு மீட்டர் தேவையில்லை: ராத்திரிக் காட்சியில் கறுப்புச் சட்டைக்கும் பின்னால் உள்ள சுவருக்கும் விளிம்பு தெரியவில்லையா, பகல் காட்சியில் வெள்ளை வேட்டி பழுப்பாகத் தெரிகிறதா, ஒளிப்பதிவாளரைத் திட்டும் முன் விளக்கைச் சந்தேகப்படுங்கள். வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து வருவது. இசை பெரிதாகவும் வசனம் அமுங்கியும் கேட்டால், பெரும்பாலும் அந்த நடு ஸ்பீக்கர் சொங்கியிருக்கும். ஒலியளவுக்கும் தரம் உண்டு, கலவை செய்யும் அறையில் வைத்த 7ஆம் எண்ணில்தான் ஹாலிலும் ஓட வேண்டும். சத்தம் தாங்கவில்லை என்று புகார் வந்தால் 5க்கு இறக்கிவிடுவார்கள், அப்போது முதலில் சாவது மெல்லிய சத்தங்கள்தான். உட்கார வேண்டிய இடம், நீளவாக்கில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவரிசை. சுவர் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு ஒலிக்கலவை சரியில்லை என்று எழுதாதீர்கள்.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு இரண்டே விஷயம். டிவியில் அசைவை வழவழவென்று ஆக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வினாடிக்கு 24 பிரேமில் எடுத்த படம் சீரியல் மாதிரி தெரியும். தனி ஸ்பீக்கர் இல்லாத டிவியில் 5.1 ஒலித்தடத்தை வைத்தால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வரும், ஸ்டீரியோவுக்கு மாற்றினால் பாதி சரியாகும். 1.25 வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. 150 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும், லாபம்தான். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் நடிகர் செய்த வேலை மட்டும் போய்விடும்.

வளவில் கேமரா

இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி வியாதி உண்டு. திரையில் ஜமீன்தார் வீடு வந்ததும் கதையை விட்டுவிட்டுத் தரையைப் பார்ப்போம். 'மதுரையில் ஒரு வீடு' என்று எழுத்துப் போட்டுவிட்டு ஆத்தங்குடிக் கல்லும் பர்மாத் தேக்குத் தூணும் காட்டினால் கொட்டகையில் நாலு பேராவது "இது நம்ம கானாடுகாத்தான்டா" என்பார்கள். அதற்காக மார்க் குறைப்பது அநியாயம், சினிமாவில் வீடும் ஒரு நடிகர்தான். குறைக்க வேண்டியது வேறிடத்தில். முகப்பு, வளவு (சுற்றி அறைகள் உள்ள நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் நேர்கோட்டு வீடு இது. முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். வளவில் பேசுவது சுற்றியுள்ள எல்லா அறைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் நட்டநடு வளவில் நின்று ரகசியம் பேசவிட்டு, யாருக்கும் கேட்கவில்லை என்று கதையை நகர்த்தினால் அது வாராக்கடன். பல படங்களில் முகப்பையும் வளவையும் தாண்டிக் கேமரா போகாததற்கு ஒரு காரணம் நமக்குத் தெரியும்: பங்காளிகளின் அறைச் சாவி ஒன்று சென்னையில், ஒன்று சிங்கப்பூரில்.

படம் வந்த முதல் மூன்று நாள் நிலவரம் பற்றியும் ஒரு வார்த்தை. ரங்கூனில் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார் நடப்பு வட்டியைக் கூடிப் பேசி முடிவு செய்தார்கள், எல்லோரும் அதை ஒட்டியே கொடுத்து வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் சினிமாவுக்கும் அப்படி ஒரு நடப்பு விலை முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு போடும் மார்க் எல்லாம் அதிலிருந்து அரை கூட, அரை குறைய. அதைப் பார்த்த பிறகு போட்டால் உங்கள் மார்க் உங்களுடையதில்லை. முதலில் எழுதிவிட்டு, அப்புறம் மற்றவர்களுடையதைப் படியுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எந்த வீட்டு ஆச்சியும் ஒரே அடியில் சாய்த்துவிடுவார்.

"படம் நல்லாருக்கு ஆச்சி, நாலு மார்க்."

"நாலு இருக்கட்டும் தம்பி. அழுவாச்சிப் படமா, வெட்டுக்குத்தா? புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போலாமா? எத்தன மணிக்கு விடுவான்?"

மூன்று கேள்விக்கும் நட்சத்திரத்தில் பதில் கிடையாது. பிள்ளைகள் விஷயத்தில் இப்போது சான்றிதழே கொஞ்சம் உதவுகிறது: யுஏ-வை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், படம் தொடங்கும் முன் அந்த எண்ணைக் கவனித்தால் போதும். மற்ற இரண்டையும் மார்க்குக்குப் பக்கத்தில் நாம்தான் எழுத வேண்டும். நான் எழுதினால் ஒரு வரி இப்படி இருக்கும்:

'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025), முதல் வாரம், நடுவரிசை. யாழ்ப்பாணத்திலிருந்து ராமேஸ்வரம் வந்திறங்கி, பேச்சை மறைத்துக்கொண்டு சென்னைத் தெரு ஒன்றில் குடியேறும் குடும்பம். அழுகை உண்டு, சிரிப்பு அதைவிட அதிகம், ஆயாவோடும் பேரனோடும் போகலாம். தெருவில் எல்லோரும் இவ்வளவு சீக்கிரம் நல்லவர்களாவது பாதிக் கடன்தான் அடைந்தது. 3.5. அந்த அரை, வாய் திறந்தால் ஊர் தெரிந்துவிடும் என்று அந்த வீட்டார் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் விழுங்கும் எச்சிலுக்கு.